மூன்றில் ஒரு கம்பி

கிளீவ்லேண்ட், நூற்றைந்தாம் தெரு.
மருந்துக்கடையாயிருந்து பாராக மாறிய இடம்.
மழை நாளில் இன்னும் கற்பூரத் தைலம் மணக்கும்.
வியாழன் இரவுகளில் அங்கே லெமுவல் டேகெட் வாசிக்கிறார்,
எழுபத்தெட்டு வயதில்.
வியாழன் மதியங்களில் அந்தப் பியானோவுக்குச்
சுருதி சேர்ப்பவள் நான்.
அதனால் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.
என்னை வைத்துக்கொண்டே சொல்லிக்கொள்கிறார்கள்.

கிழவருக்கு இடது கை செத்துப்போச்சு
என்கிறார் பாஸ் வாசிக்கும் கர்டிஸ்.
அவர் விட்ட இடத்தையெல்லாம் நிரப்பி நிரப்பி
என் விரல்தான் உரிகிறது.
அது இடமில்லையப்பா, வாசல்,
நீ ஏன் அதில் மூட்டையை இறக்குகிறாய்?
இது டிரம்ஸ் வெண்டல்.
பதினோரு வருடமாக இருவரும்
ஒரே வேனில்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

அவரிடம் படித்தவர்களும் வருவார்கள்.
பிரிசில்லா ஓடமை மூன்று மாதம்
கட்டையைத் தொட விடவில்லையாம்.
சாத்திய மூடிமேல் தட்டு, வாயால் பாடு என்றுவிட்டுப்
பக்கத்தில் உட்கார்ந்து
மத்திமீன் டப்பாவைக் காலி செய்வாராம்.
மணிக்கு நாற்பது டாலர்.
பகல் கொள்ளை என்று இன்றும் சொல்கிறாள்.
அக்ரனில் இப்போது அவளும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறாள்,
மீன் ஒன்று தவிர
மற்றதெல்லாம் அப்படியே.

டோபினுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்:
"உன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை,
ஆனால் அழகாகச் சொல்கிறாய்."
டோபின் டயர் விற்கிறான். நன்றாகவே விற்கிறான்.
தவறாமல் வருகிறான், கைதட்டுவதில்லை,
ஜாடியில் இருபது டாலர் போட்டுவிட்டுப் போகிறான்.
அவனை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

பெரிய சண்டை ஒரே ஒரு ஸ்வரத்துக்காக.
நட்டநடுவிலிருந்து வலப்பக்கம், இரண்டாவது கறுப்புக் கட்டை.
பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஜெனீவா ரக்ஸ்
அது கேட்டதும் கிளாசைக் கீழே வைப்பார்:
"மனுஷன் அங்கேதான் அழுகிறார்."
கல்லூரியில் வகுப்பெடுக்கும் ஹாலரன் சொல்வார்:
"காது போய்விட்டது. தப்பு தப்பென்றே தெரியவில்லை.
இவரிடம் போய்ப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்."

விஷயம் என் பையில் கிடக்கிறது, முறுக்குச் சாவியோடு.
அந்தக் கட்டைக்கு மூன்று கம்பி.
ஒன்பது வருடத்துக்கு முன்
கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று,
"அதில் ஒன்றை மட்டும்
மயிரிழை தளர்த்திவிடு, மரியா" என்றார்.
ஏன் என்று கேட்டேன்.
வெளியே பனி நின்றுவிட்டதா என்று கேட்டார்.

போன பிப்ரவரியில்
எனக்கும் ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது.
தளர்ந்த கம்பிக்குக் கூலி வாங்கும்
என் கைமேல் எனக்கே ஒரு கூச்சம்.
மூன்றையும் ஒன்றாக்கினேன்,
கண்ணாடி துடைத்த மாதிரி.
பத்து நாற்பது பஸ்ஸை விட்டுவிட்டுக்
கடைசிவரை நின்றேன்.

பதினான்கு உருப்படி.
அந்தக் கட்டைமேல் ஒருமுறைகூட விரல் விழவில்லை.
தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதுபோல்,
நடை குலையாமல், தாண்டித் தாண்டிப் போனார்.

ஜெனீவா கண்ணைத் துடைத்துக்கொண்டார்:
"இன்றைக்கு அந்த ஒரு ஸ்வரம், அடேயப்பா!"
ஹாலரன் கோட்டை மாட்டினார்:
"கேட்டீர்களா, மறுபடியும் அதே தப்பு."
வெண்டல் மட்டும் என்னைப் பார்த்தார்.
என் தலைக்குமேல் இருந்த கடிகாரத்தையும் பார்த்திருக்கலாம்.

லெமுவல் எதுவும் சொல்லவில்லை.
வழக்கம்போல் உறையை நீட்டினார்.
வேனின் பின்சீட்டில், முன்னால் இருவரும்
இடது கைக்காக அடித்துக்கொண்டிருக்க,
தெருவிளக்கு வரவரப் பிரித்து எண்ணினேன்.
ஐந்து டாலர் குறைந்தது.

அடுத்த வியாழன் தளர்த்தினேன்.
உறை சரியாக இருந்தது.
அந்த ஐந்து டாலர் மட்டும்
இன்னும் வரவில்லை.